நாலாவது மாடியில் ஈரப் பெயிண்ட்

அத்தியாயம் 5

ஜன்னலே இல்லாத அறைக்கு ‘அமைதியான அறை’ என்று பேர். பக்கத்துக் கட்டடத்துக் கழிவுநீர்க் குழாயைப் பார்த்த பால்கனிக்கு ‘திறந்த வெளி’ என்று பேர். சமையலறையில் ஒருத்தர் திரும்ப வேண்டுமானால் இன்னொருத்தர் வெளியே போக வேண்டும் என்றால் அது ‘எல்லாமே கைக்கெட்டும் வசதி’. ஃபிளாட் புரோக்கர் தொழிலில் ஒரு வருடம் குப்பை கொட்டிய கொழுந்தனுக்கு இந்த அகராதி மனப்பாடம். தான் எழுதிய விளம்பரத்தை பார்ட்டிக்கு முன்னாலேயே படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததில் அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவனுடைய வாயைப் பொறுத்துக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவனுடைய அண்ணன் சம்சாரம்.

அண்ணி துப்பறியும் நிலையம் நடத்தி வந்தாள். காணாமல் போன மாப்பிள்ளைகள், சீக்கிரமே காணாமல் போகப் போகிற மாப்பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், இந்த வாரம் முதல் முறையாகக் காணாமல் போன ஒரு அப்பா வந்து சேர்ந்திருந்தார்.

“இதான் மேடம் எங்கப்பா இருந்த இடம். நாலாவது மாடி, சி வீடு,” என்றாள் காரின் பின் சீட்டில் இருந்த பெண்.

கொழுந்தன் காரை எதிர்ப்பக்கம் ஓரங்கட்டி, குனிந்து பார்த்தான். ஆறு மாடி. மாடிக்கு மாடி ஒரே பால்கனி, ஒரே கம்பி, ஒரே ஏசி பெட்டி. கட்டினவன் ஒரு மாடிக்கு மட்டும் யோசித்துவிட்டு, மீதிக்குத் தூங்கப் போயிருக்க வேண்டும்.

பின் சீட்டுப் பெண் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்ப்பவள். அம்மா இல்லை. அப்பாவின் போன் இரண்டு மாதமாக அணைந்து கிடக்கிறது. தம்பியைக் கேட்டால், ‘அப்பா என்கூடத்தான் இருக்காரு, தூங்கறாரு’ என்கிறான். காலையில் கேட்டாலும் தூங்கறாரு, சாயந்திரம் கேட்டாலும் தூங்கறாரு. நேரில் வந்து பார்த்தாள். வாட்ச்மேன், ‘சார் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு’ என்று கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான். தம்பி வீடு பூட்டிக் கிடந்தது. போலீசில் தம்பிக்கே போன் போட்டுக் கேட்டார்கள். அவன் அதே தூக்கத்தை அவர்களுக்கும் சொன்னான். ‘குடும்ப விஷயம், உக்காந்து பேசித் தீத்துக்குங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். போன வாரம் அந்த வீடே விற்பனைக்கு என்று விளம்பரத்தில் வந்திருந்தது: காலி வீடு, உடனே குடியேறலாம்.

“ரெண்டு மாசமா ஒரு மனுஷன் தூங்குவாரா மேடம்?” என்றாள் அவள். “எங்க ஆஸ்பத்திரிக்கு அடையாளம் தெரியாத வயசானவங்க பிணம் வந்தா, நான் போய் முகத்தைப் பாத்துட்டு வரேன். லீவு நாள்லகூட போறேன். துணியை விலக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது.”

கொழுந்தன் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கினான்.

அண்ணி திரும்பி உட்கார்ந்தாள். “உங்கப்பா வீட்டு பால்கனியில நின்னா என்னம்மா தெரியும்?”

“பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடி. அங்க துணி காயப் போடற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆகவே ஆகாது. போர்வையை உதறினா தூசி எல்லாம் எங்க ஹாலுக்குள்ளன்னு அப்பா கத்துவாரு. மூஞ்சிக்கு மூஞ்சி நேரா நின்னு, கொழாயடி தோத்துச்சு போங்க.” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எங்கப்பாவை என்ன பண்ணானுங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்.”

“நீங்க கார்லயே இருங்க. கூப்பிட்டா வாங்க,” என்று இறங்கினாள் அண்ணி. கொழுந்தனைப் பார்த்து, “தம்பி, வா. வீடு வாங்கப் போறோம்.”

“அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?”

“உங்கண்ணனுக்கு இப்ப இருக்கற வீட்டுலயே எத்தனை ரூம்னு தெரியாது. நட.”

வாசலில் புரோக்கர் காத்திருந்தான். கொளுத்தும் வெயிலில் கோட்டுப் போட்டிருந்தான். கழுத்தில் டை வேறு. அந்த நிமிஷமே கொழுந்தன் அவனுக்கு ‘கோட்டு’ என்று பேர் வைத்துவிட்டான்.

“வாங்க மேடம், வாங்க சார்! லிஃப்ட் மட்டும் இன்னிக்கு சர்வீஸ்ல இருக்கு. படி ஏறினா இதயத்துக்கு ரொம்ப நல்லது.”

“அதையும் விலையில சேத்துட்டீங்களா?” என்றான் கொழுந்தன்.

கோட்டு அதைக் காதில் வாங்காமல் படியேற ஆரம்பித்தான். ஏறினானே தவிர வாயை மூடவில்லை. காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்றான். அக்கம்பக்கம் எல்லாம் பெரிய உத்தியோகம் என்றான். ஒரு டாக்டர் பார்ட்டி இந்த வீட்டுக்காகத் தன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறார் என்றான். அவன் விட்ட கதையில் எந்த மாடி தாண்டியது, எந்த மாடி வந்தது என்று எவனுக்குத் தெரியும்? மூச்சுத்தான் வாங்கியது. நடுவில் ஒரு மாடியில், சுவரில் எண் இருக்க வேண்டிய இடத்தில் பழைய படுதா ஒன்று தொங்கியது. அதன்மேல் ஒரு தாள்: ‘பெயிண்ட் ஈரம். தொடாதீர்கள்.’

அண்ணி அங்கே ஒரு விநாடி நின்று முகர்ந்து பார்த்தாள்.

“என்ன மேடம்?” என்று திரும்பினான் கோட்டு.

“ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது.”

அடுத்த மாடியில் சுவரில் பெரிதாக ‘4’ பளபளத்தது. கதவுகளில் ஏ, பி, சி என்று எழுத்து மட்டும்தான். மாடி எண்ணை ஒவ்வொரு கதவிலும் போட்டால் செலவு என்று கட்டினவன் சுவரோடு நிறுத்திக்கொண்டிருந்தான். கோட்டு சி கதவைத் திறந்து, ஏதோ அரண்மனையைத் திறந்துவிட்டவன் போலக் கையை விரித்தான்.

உள்ளே ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லை, காலண்டர் இல்லை, சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. ஒரு கிழவர் இங்கே குடியிருந்தார் என்று சொல்ல ஒரு மாத்திரை உறைகூட மூலையில் கிடக்கவில்லை. கொழுந்தன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கீழே காரில் உட்கார்ந்திருப்பவளுக்குப் போய் என்னவென்று சொல்வது?

“இதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்க?” என்றாள் அண்ணி.

“ஓனரேதான் மேடம். வயசானவரு. பூ மாதிரி வெச்சிருந்தாரு வீட்டை.”

“இப்ப எங்க போயிட்டாரு?”

“நல்ல இடத்துக்குத்தான் மேடம்,” என்று கோட்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கொழுந்தனுக்கு அந்தப் பல்லில் நாலைத் தட்டிக் கையில் கொடுக்கலாமா என்று வந்தது.

அண்ணி பால்கனிக்குப் போனாள். பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு அம்மாள் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“தம்பி, அந்தம்மா வகிடு நேரா எடுத்திருக்காங்களா, கோணலாவா?”

“நேராத்தான் அண்ணி. உச்சியில முடி கொஞ்சம் கம்மி.”

“உச்சியெல்லாம் நல்லாத் தெரியுது இல்ல?”

“தெரியுது. அதுக்கென்ன இப்ப, அவங்களுக்கு எண்ணெய் வாங்கிக் குடுக்கப் போறோமா?”

அண்ணி கம்பியில் சாய்ந்து இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். அதற்குள் மேல் மாடியிலிருந்து ஒரு கத்தல் படிவழியாக இறங்கி வந்தது.

“யாருங்க அது, என் கதவைப் போட்டுக் குடையறது?”

“உங்க கதவா? இது என் கதவு! உள்ள யாரு நீங்க? என் வீட்டுக்குள்ள என்ன பண்றீங்க?”

மூன்று பேரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள், கையில் சாவி, தோளில் பெரிய பை. எதிரே பனியனோடு ஒரு ஆள், பாதி முகத்தில் ஷேவிங் நுரை.

“எது உங்க வீடு? இது ஆறாவது மாடிங்க! சுவர்ல எண் விழுந்துட்டா மாடியே மாறிடுமா?”

“அஞ்சு! கீழ நாலுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதுக்கு மேல அஞ்சுதானே வரும்? நான் வங்கியில அதிகாரி. எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா?”

“போன வாரமும் ஒரு ஆளு இப்படித்தான் வந்து குடைஞ்சாரு. அவரும் ரொம்பப் படிச்சவருதான்!”

கொழுந்தனுக்குச் சிரிப்பு பீறிட்டது. வருஷக்கணக்காகக் குடியிருந்து தவணை கட்டுகிறார்கள், ஆனால் சுவர் சொன்னால்தான் சொந்த வீடு தெரியும். கொட்டிலில் விட்ட மாடுகூடத் தன் இடத்துக்குத் தானே போய் நிற்கும்.

கோட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்து, “இதோ வந்துடறேன் மேடம், சின்னக் குழப்பம்,” என்று மேலே ஓடினான். சமாதானம் பண்ணப் போனவனை, “நீயும் இவனோட ஆளா?” என்று வங்கி அம்மாள் கோட்டோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி சுவர் எண்ணிடம் போய் நகத்தால் ஓரத்தை நெம்பினாள். ‘4’ கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒட்டும் நாடா. அதன் அடியில், திருகாணி அடித்து, அசல் ‘5’.

“தம்பி, இது அஞ்சாவது மாடி. நாம பாத்தது அந்தப் பெரியவர் வீடே இல்ல.”

கொழுந்தனுக்குத் தலை சுற்றியது. “எப்படி அண்ணி?”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? மூஞ்சிக்கு மூஞ்சி நேரா நின்னு சண்டைன்னு. நமக்கு மூஞ்சியா தெரிஞ்சுது? உச்சிதானே தெரிஞ்சுது. ஒரு மாடி மேல நின்னாத்தான் அப்படித் தெரியும். லிஃப்ட்ல வந்தா பட்டன் காட்டிக் குடுத்துடும், அதான் சர்வீஸ். அந்த ஈரப் பெயிண்ட்ல பெயிண்ட் வாசனையே இல்ல. கூட வர்றவங்க மூச்சு வாங்கிக்கிட்டு எண்ண மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். குடியிருக்கறவங்க யாராவது படியேறி வந்து தப்பு மாடிக்குப் போவாங்கன்னுதான் யோசிக்காம விட்டுட்டான்.”

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். அண்ணி படுதாவை ஒரே இழுப்பில் பிடுங்கித் தரையில் போட்டாள். அடியில் பழைய அழுக்கு ‘4’ இருந்தது. எதிரே சி கதவு. அண்ணி அதில் காதை வைத்தாள். கொழுந்தனும் வைத்தான்.

உள்ளே யாரோ இருமினார்கள். வயசான இருமல்.

கொழுந்தனுக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற அப்பனை உள்ளே போட்டு அடைத்துவிட்டு, மேல் மாடியைக் காட்டி வீட்டை விற்கிறானே, இவனெல்லாம் மனுஷனா? தூங்கறாரு தூங்கறாரு என்றானே, எத்தனை மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தானோ? போனை எடுத்து, “உடனே நாலாவது மாடிக்கு வாங்க, உங்கப்பா இருக்காரு,” என்று கத்தினான்.

வாட்ச்மேனை எப்படித் தள்ளிவிட்டு வந்தாளோ, செருப்பில்லாமல் மூச்சிரைக்க ஓடி வந்தாள் அந்தப் பெண். கதவுக்கு முன்னால் வந்ததும் கை எழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, “நீங்க தட்டுங்க, என்னால முடியல,” என்றாள்.

“தட்டறதா? உடைக்கிறேன் பாருங்க,” என்று கொழுந்தன் காலைத் தூக்கினான்.

கதவு உள்ளிருந்து தானாகவே திறந்தது.

ஒரு பெரியவர் நின்றார். தோளில் துண்டு, கையில் விசிறி போலப் பிடித்த சீட்டுக்கட்டு. ஆள் நன்றாக மினுமினுவென்று இருந்தார். ஒற்றைக் காலில் நின்ற கொழுந்தனையும் அவன் கசங்கின சட்டையையும் பார்த்து, புரோக்கரின் எடுபிடி என்று நினைத்துக்கொண்டார். தரையில் கிடந்த படுதாவைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்பா, இதை ஏன் அவுத்தே? அறிவிருக்கா? அடுத்த பார்ட்டி வர்ற நேரமாச்சு. மாட்டு, மாட்டு, சீக்கிரம்!”

கொழுந்தன் தூக்கின காலைக் கீழே வைத்தான். 

“அப்பா,” என்றாள் அந்தப் பெண்.

பெரியவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். கையிலிருந்து சீட்டு நழுவியது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த தம்பிக்காரன், “யாருப்பா?” என்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்தான். அவன் கையிலும் சீட்டு. நடுவில் ஒரு தட்டு நிறைய வறுத்த கடலை.

அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலைப் பழக்கத்தில் விரல் நாடியைத் தேடிப் போயிற்று. துடிக்கிறது என்று தெரிந்ததும் அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“சரி சரி, அழாதே. அக்கம்பக்கம் கேக்கும்,” என்றார் பெரியவர்.

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “பத்திரம் உங்க வீட்டோடது, சுத்தமான பத்திரம். காட்டறது மேல் மாடி வீடு. அந்த ஓனர் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு, வாடகைக்கு விடச் சொல்லி இந்தப் புரோக்கர்கிட்ட சாவியைக் குடுத்திருப்பாரு. உங்க மகன்தான் ஓனர் சார்பா பேசறது. வாட்ச்மேனுக்கும் ஏதாவது குடுத்து வாயை அடைச்சிருப்பீங்க. முன்பணம் குடுத்தவங்க வீட்டைக் கேட்டு இங்க வந்தா, நீங்க என்ன சொல்லுவீங்க பெரியவரே?”

“நான் என்னத்தைச் சொல்ல? நான் யாரையும் பாக்கல, எதுலயும் கையெழுத்துப் போடல. நானும் ஏமாந்தவன்தானேம்மா. பெத்த பிள்ளையே என்னை மோசம் பண்ணிட்டான்னு அழுவேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “கிழவன் அழுதா எவன் கை ஓங்குவான்? இதுவரைக்கும் வந்தவங்க எனக்கு ஆறுதல் சொல்லிட்டுல்ல போனாங்க!”

கொழுந்தன் துப்ப இடம் தேடினான். புரோக்கரையாவது வயிற்றுப் பிழைப்பு என்று தள்ளலாம். இந்த மனுஷன் நரைத்த தலையையே கடையாக விரித்து வைத்திருக்கிறார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா,” என்றாள் மகள்.

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? நேரா போலீசுக்குப் போயி உள்ளதை உள்ளபடி ஒப்பிச்சிடுவே. உனக்குப் பொய் சொல்ல வருமா? உங்கம்மா புத்தி அப்படியே உனக்கு.”

“பிணம் பிணமா போய்ப் பாத்தேன்பா. ஒவ்வொரு துணியா விலக்கி நீங்களான்னு பாத்தேன்.”

“அதான் நான் சாகலையே? அப்புறம் என்ன?”

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவள் அவர் கையை விட்டுவிட்டாள்.

படியில் காலடி கேட்டது. டிரைவர் உடுப்பில் ஒருவர் ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் இஞ்ச் டேப்போடு. சுவரிலிருந்த எண்ணைப் பார்த்து, “நாலு இதாங்க,” என்றாள் அவள். “நம்ம கட்டில் ரூமுக்குள்ள போகுமான்னு இன்னிக்கே அளந்துடுவோம். அளந்துட்டு முன்பணத்தைக் குடுத்துடலாம்.”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “உள்ள வந்துடும்மா. கதவைச் சாத்து. பெத்த அப்பன் நான். என்னைக் கம்பி எண்ண வெச்சுடாதே.”

“அக்கா, உனக்கும் பங்கு உண்டுக்கா,” என்றான் தம்பி உள்ளிருந்தே.

கொழுந்தன் வாயைத் திறக்கப் போனான். அண்ணி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்வதும் சொல்லாததும் அந்தப் பெண் பாடு.

“புரோக்கர் எங்கம்மா? காலி வீடுன்னு சொன்னாங்களே?” என்று கேட்டார் டிரைவர்.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “காலி இல்லைங்க. எங்கப்பா இருக்காரு. உங்களுக்குக் காட்டப் போறது மேல் மாடி, அது வேற ஒருத்தரோட வீடு. ஒரு பைசாகூடக் குடுத்துடாதீங்க.”

டிரைவரின் மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க யாரும்மா?”

“இவரோட பொண்ணு. போலீசுக்கு வரச் சொன்னாலும் சரி, கோர்ட்டுக்கு வரச் சொன்னாலும் சரி, வந்து இதையேதான் சொல்லுவேன்.”

பெரியவர் ஒரு கணம் மகளைப் பார்த்தார், ஒரு கணம் டிரைவரைப் பார்த்தார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு, நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். “ஐயோ, நானும் ஏமாந்தவன்மா! பெத்த பிள்ளையே என்னை நடுத்தெருவுல விட்டுட்டானே!” தோள் குலுங்கியது, குரல் கம்மியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. டிரைவர் பாவம், உருகிப் போய் அவரைத் தாங்கக் குனிந்தார்.

மகள் குறுக்கே கையை நீட்டி டிரைவரைத் தடுத்தாள்.

“எழுந்திருங்கப்பா,” என்றாள். “நிஜமா அழுதா இப்படி இருக்காது. ரெண்டு மாசமா நான் அழுதிருக்கேன், எனக்குத் தெரியும்.”